அக்டோபர் 2 அன்று ஊரில் விழா நடத்த: மனு எழுதுவதிலிருந்து நாற்காலி திருப்பிக் கொடுப்பது வரை

2025 அக்டோபர் 2 அன்று, திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் வாசகர் வட்டம் சார்பாகக் காந்தி ஜெயந்தி விழா ஒன்று நடத்தினோம். காலையில் தெருக்களைச் சுற்றி ஒரு சின்ன ஊர்வலம், பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி, ஒரு மணி நேரம் கூட்டம். இதற்கு என்ன பெரிய ஏற்பாடு வேண்டியிருக்கிறது என்று நினைத்து, நாலு நாளைக்கு முன்னால்தான் மனுவோடு காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த ரைட்டர் (நிலைய எழுத்தர்) மனுவை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "ஊர்வலம் போற பாதை எங்க அண்ணாச்சி? இடத்துக்காரங்க சம்மதம் எங்க? போலீஸ் பூரா குலசை பந்தோபஸ்துக்குப் போவுது, இந்த நேரத்துல கொண்டு வாறிய?" என்றார். குலசை என்றால் குலசேகரன்பட்டினம், தசராவுக்குப் பேர்போன ஊர்.

அவர் கேட்டதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அடுத்த நாலு நாளும் நான் தூங்கவில்லை. கடைசியில் விழா நடந்துவிட்டது, ஆனால் இரண்டு மடங்கு அலைச்சல், தேவையில்லாத செலவு. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மன்றம், வாசகர் வட்டம், மகளிர் குழு, இளைஞர் அணி என்று எந்தப் பெயரில் நடத்தினாலும் வேலை ஒன்றுதான்.

1. அந்த நாளில் வேறு என்னென்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

நாங்கள் செய்த முதல் தப்பு இதுதான். அக்டோபர் 2 என்றால் காந்தி பிறந்தநாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டோம். காகிதம் எடுத்து எழுதிப் பார்த்தால் ஒரே நாளுக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது தெரியுமா?

காந்தி பிறந்தது 1869 அக்டோபர் 2. லால் பகதூர் சாஸ்திரி பிறந்ததும் அதே தேதி, 1904இல். 2007இல் ஐ.நா. பொதுச்சபை இந்த நாளைச் சர்வதேச அகிம்சை தினமாக அறிவித்தது. நம் ஊர்ப் பக்கம் யாரும் மறக்கக் கூடாத இன்னொன்று, 1975இல் இதே அக்டோபர் 2 அன்றுதான் காமராசர் மறைந்தார். தமிழ்நாட்டில் கிராமசபை கூடும் நாட்களில் இதுவும் ஒன்று. தேசிய விடுமுறை. டாஸ்மாக் கிடையாது, இறைச்சிக் கடைகளையும் மூடச் சொல்லி உள்ளாட்சிகள் அறிவிப்புக் கொடுத்துவிடும். பெரும்பாலும் பள்ளிகளுக்குக் காலாண்டு விடுமுறை ஓடிக்கொண்டிருக்கும். புரட்டாசி மாதம் வேறு.

இத்தனைக்கும் மேலே, 2025இல் விஜயதசமியும் அதே நாளில் வந்தது. நெல்லைச் சீமையில் அதற்கு என்ன அர்த்தம் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குலசேகரன்பட்டினத்தில் அன்று இரவு சூரசம்ஹாரம். ஊரில் பாதிப்பேர் வேடம் கட்டிக்கொண்டு வேனில் ஏறிவிடுவார்கள். போகாதவர்களுக்குப் பாளையங்கோட்டை தசராச் சப்பரங்கள் இருக்கின்றன. முந்தின நாள் ஆயுத பூஜை. அச்சகத்தில் இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் நோட்டீஸ் வேண்டும் என்று போய் நின்றால் யார் அச்சடித்துத் தருவார்?

ஆகவே தேதி முடிவானதும் அந்த வருடப் பஞ்சாங்கம், அரசு விடுமுறைப் பட்டியல், பள்ளி விடுமுறைத் தேதிகள் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நவராத்திரி ஒவ்வொரு வருடமும் முன்பின்னாக நகரும். ஒரு வருடம் மோதியது அடுத்த வருடம் மோதாது. உள்ளாட்சித் தேர்தல் வருகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2021இல் நம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்தது. அப்படிப்பட்ட வருடத்தில் நடத்தை விதி அமலில் இருக்கும். வேட்பாளரை மேடையில் ஏற்றினாலோ அவர் பெயரில் பரிசு கொடுத்தாலோ சிக்கல்தான்.

2. விழாவுக்கு ஒரு பெயர் போதும்

நாங்கள் எழுதிய முதல் நோட்டீஸில் நாலு தலைப்பு இருந்தது. காந்தி பிறந்தநாள், சாஸ்திரி பிறந்தநாள், காமராசர் நினைவு நாள், உலக அகிம்சை தினம். நாலு படம், நாலு வாழ்த்து. அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கேட்டார்: "ஒருத்தருக்குப் பிறந்தநாள், இன்னொருத்தருக்கு நினைவு நாள். ஒரே மேடையில கேசரியும் குடுத்துட்டு அஞ்சலியும் செலுத்தச் சொல்லுதியளா?"

நியாயமான கேள்வி. காமராசரை விட்டுவிடவும் மனம் வரவில்லை. 2025 அவருடைய 50ஆம் நினைவு நாள். கடைசியில் இப்படி முடிவு செய்தோம். நோட்டீஸில் பெரிய எழுத்தில் "காந்தி ஜெயந்தி விழா" மட்டும். நிகழ்ச்சி நிரலில் முதல் உருப்படி காமராசர் படத்துக்கு மலரஞ்சலி, ஒரு நிமிட மௌனம். அது முடிந்து படத்துக்கு முன்னால் விளக்கு வைத்த பிறகுதான் காந்தி படத்துக்கு மாலை, பாட்டு, போட்டி எல்லாம். இனிப்பு கடைசியில், மேடைக்கு வெளியே. அகிம்சை தினம் பிள்ளைகளின் பேச்சுத் தலைப்பில் வந்துவிட்டது. யாருக்கும் குறையில்லை.

ஒரு பெயர் என்று வைத்துக்கொள்வதில் இன்னொரு வசதி உண்டு. மனுவில் "நிகழ்ச்சியின் நோக்கம்" என்று ஒரு வரி எழுத வேண்டும். அங்கே நாலைந்து விஷயம் எழுதினால் நாலைந்து கேள்வி வரும்.

3. நேரம்: கிராமசபையோடு மோதாதீர்கள்

கிராம ஊராட்சியில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் கிராமசபை கூடும். பொதுவாகக் காலை 11 மணிக்கு. அந்த நேரத்தில் நீங்கள் விழா வைத்தால் தலைவருக்கும் செயலருக்கும் உங்கள் மேல் வருத்தம் வரும். அந்த வருத்தத்தில் நியாயமும் இருக்கிறது. கிராமசபைக்குக் குறைவெண் வரம்பு உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். அத்தனை பேர் சேராவிட்டால் கூட்டம் செல்லாது. உங்கள் பந்தலில் உட்கார்ந்திருக்கும் நூறு பேர் அங்கே வர வேண்டியவர்கள்.

நாங்கள் காலை 7 மணிக்கு ஊர்வலம், 7.45க்குக் கூட்டம், 10 மணிக்கு முடிவு என்று வைத்தோம். 2025இல் மட்டும் அந்தக் கிராமசபை அக்டோபர் 11க்குத் தள்ளிப்போனது, அன்று எல்லோரும் சேர்ந்து அங்கே நடந்தோம். எங்கள் நூலகக் கட்டடத்தின் மேற்கூரை ஒழுகுவது பற்றி ஒரு கோரிக்கையை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்திருந்தோம். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. நல்ல விழா நடத்திய கையோடு ஊருக்கு ஒரு காரியமும் ஆனது எனக்கு இன்னும் சந்தோஷம்.

சாயங்காலம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அந்த மாதத்தில் மத்தியானத்துக்கு மேல் பொதிகை மலைப் பக்கம் மேகம் திரண்டால் ஒரு மணி நேரத்தில் பந்தல் நனைந்துவிடும். தசரா வருடமாக இருந்தால் சாயங்காலம் ஆளே இருக்காது.

பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்குக் கிராமசபைப் பிரச்சினை இல்லை. ஆனால் சிலைக்கு மாலை போடுவதாக இருந்தால் அங்கே கட்சிக்காரர்கள் வரிசையாக வருவார்கள். உங்களுக்கு எந்த நேரம் என்று காவல் துறையிடம் முன்னாலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

4. பின்னாலிருந்து நாள் எண்ணுங்கள்

அக்டோபர் 2 இலிருந்து பின்னோக்கி எண்ணினால் நான் இப்போது வைத்திருக்கும் கணக்கு இது.

செப்டம்பர் முதல் வாரம்: இடம் முடிவு செய்து, இடத்துக்காரரிடம் சம்மதக் கடிதம் கேட்பது. மைக் செட், நாற்காலி, பந்தலுக்கு முன்பணம்.

செப்டம்பர் 10 வாக்கில்: காவல் நிலையத்தில் மனு. மூன்று வாரம் இருந்தால்தான் அவர்கள் விசாரிக்கவும், திருத்தம் கேட்கவும், மேலே அனுப்பவும் நேரம் இருக்கும்.

காலாண்டுத் தேர்வு தொடங்குவதற்கு முன்: பள்ளியில் போட்டி அறிவிப்பு. தேர்வு முடிந்த அன்றே பிள்ளைகள் ஆச்சி வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் போய்விடுவார்கள். நாங்கள் தாமதமாகச் சொன்னதால் பெயர் கொடுத்த 40 பேரில் 17 பேர்தான் வந்தார்கள்.

செப்டம்பர் 25க்குள்: நோட்டீஸ், துணிப் பதாகை, பரிசுப் புத்தகங்கள் கையில் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 30: கையில் ரொக்கம். அக்டோபர் 2 வங்கி விடுமுறை. ஏ.டி.எம். இருக்கிறதே என்பீர்கள். எங்கள் பக்கம் தொடர் விடுமுறையில் அதில் பணம் தீர்ந்துபோவது வழக்கம்.

5. இடத்துக்குச் சம்மதக் கடிதம்

யார் இடமோ அவர்களிடம் எழுத்தில் வாங்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. ஊராட்சி இடம் என்றால் ஊராட்சித் தலைவர். அரசுப் பள்ளி மைதானம் என்றால் தலைமையாசிரியர் மட்டும் போதாது, அவர் தன் மேலதிகாரிக்குக் கடிதம் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும், அதற்கு நாள் பிடிக்கும். கோயில் இடம் என்றால் அறநிலையத் துறை செயல் அலுவலர். தனியார் களம் என்றால் உரிமையாளரின் கையெழுத்தும் அவருடைய ஆதார் நகலும்.

நூலகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அரசு விடுமுறை நாளில் கிளை நூலகம் திறக்காது. நூலகர் நல்லவர், நம் வட்டத்தில் ஒருவர் மாதிரி இருப்பவர் என்றாலும், தன்னிஷ்டத்துக்குச் சாவியைக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். எங்களுக்கு நேரம் இல்லாததால் நூலகத்துக்கு எதிரே இருந்த நெற்களத்தில் பந்தல் போட்டோம். முன்னாலேயே அனுமதி வாங்கியிருந்தால் அந்தப் பந்தல் செலவே மிச்சமாகியிருக்கும்.

6. காவல் நிலைய மனு

இதுதான் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஊரகப் பகுதியில் மனுவை உங்கள் எல்லைக் காவல் நிலைய ஆய்வாளருக்கு எழுதி, ஒரு நகலை உட்கோட்டத் துணைக் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும் கொடுங்கள். திருநெல்வேலி மாநகர எல்லைக்குள் என்றால் மாநகரக் காவல் துறை, அங்கே உதவி ஆணையர். எல்லை எது என்று சந்தேகம் இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள். மாநகரத்தை ஒட்டிய ஊர்களில் இந்தக் குழப்பம் நிறைய.

மனுவில் இருக்க வேண்டியவை: அமைப்பின் பெயர், பொறுப்பாளர்கள் மூன்று பேரின் பெயர், முகவரி, கைபேசி எண். நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம். எத்தனை பேர் வருவார்கள். யார் பேசுவார்கள், பேச்சாளர்களின் பெயரும் ஊரும். ஊர்வலம் எங்கே தொடங்கி எந்தெந்தத் தெரு வழியாக எங்கே முடியும். எத்தனை ஒலிபெருக்கிப் பெட்டி. மின்சாரம் எங்கிருந்து எடுக்கிறீர்கள்.

இணைக்க வேண்டியவை: இடத்துக்கான சம்மதக் கடிதம், பொறுப்பாளர்களின் ஆதார் நகல், நோட்டீஸின் மாதிரி, ஊர்வலப் பாதையின் வரைபடம். வரைபடம் என்றால் பயந்துவிடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் பேனாவால் தெருக்களை வரைந்து, கோயில், மசூதி, சர்ச், பள்ளி, சிலை, பேருந்து நிறுத்தம் இவற்றைக் குறித்து, அம்பு போட்டால் போதும். எங்கள் வட்டத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை அதை அரைமணி நேரத்தில் வரைந்து கொடுத்தாள். வாய்க்கால் பாலத்தைக்கூட அழகாக வளைத்துப் போட்டிருந்தாள். எஸ்.ஐ. அதைப் பார்த்துவிட்டு, பாலத்தில் இரண்டு பேர் வரிசையாக மட்டும் போகச் சொன்னார். அது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

மனுவை மூன்று நகல் எடுங்கள். ஒன்றில் நிலைய முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்ததற்கு அதுதான் சாட்சி. "குடுத்தாச்சுல்லா, போங்க" என்று சொன்னாலும் பணிவாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். கட்டணம் ஏதும் கட்டச் சொன்னால் ரசீது வாங்குங்கள். அனுமதி எழுத்தில் வந்ததும் அதன் நிபந்தனைகளை எல்லாப் பொறுப்பாளர்களும் படிக்க வேண்டும். எங்களுக்குப் பதினொரு நிபந்தனை கொடுத்தார்கள். நாலாவது நிபந்தனையை யாரும் படிக்காததால் ஒரு சங்கடம் வந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

ஊர்வலப் பாதை பற்றி ஒரு வார்த்தை. இதை மனதில் இருந்து சொல்கிறேன். நம் பகுதியில் ஊர்வலம் என்றாலே காவல் துறை முதலில் பார்ப்பது எந்தத் தெருவுக்குள் போகிறது, எந்தத் தெருவை விட்டுவிடுகிறது என்பதைத்தான். அதற்குக் காரணம் சாதிதான் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். காந்தி பெயரில், அகிம்சை பெயரில் ஒரு ஊர்வலம் போய், ஒரு தெருவை மட்டும் தொடாமல் திரும்பி வந்தால் அந்தத் தெருப் பிள்ளைகள் வாசலில் நின்று என்ன நினைப்பார்கள்? எல்லாத் தெருவுக்கும் போங்கள். முடியாவிட்டால் எந்தத் தெருவுக்குள்ளும் போகாமல் மெயின் ரோட்டில் மட்டும் போங்கள். மனு கொடுப்பதற்கு முன்னாலேயே ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பெரியவர்களைப் பார்த்துப் பேசிவிடுங்கள். திருத்திய மனுவைக் கொடுக்கும் முன் நாங்கள் அப்படிச் செய்தோம். ஒரு வீட்டில் அந்த அம்மா, "எங்க தெருவுக்கு இப்படி யாரும் வந்து கேட்டதில்ல" என்று சொல்லி, ஊர்வலம் வரும்போது பிள்ளைகளுக்கு மோர் கொடுத்தார்.

7. மைக் செட்

பெட்டி ஒலிபெருக்கி மட்டும். கூம்பு வடிவக் குழாய்க்கு அனுமதி கிடையாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது, ஆகவே "ஐந்து மணிக்கே பாட்டுப் போட்டு ஊரை எழுப்பிவிடலாம்" என்று யாராவது ஆசையாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்திலிருந்து 100 மீட்டருக்குள் இருக்கும் அமைதிப் பகுதியில் இடம் பிடிக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பக்கத்து இடம் சும்மா கிடைக்கிறதே என்று போனால் மைக் கிடைக்காது.

முன்பதிவு மிக முக்கியம். எங்கள் ஊர் மைக் செட் உரிமையாளரிடம் நான் பேசியபோது அவர் சொன்னது இது: "தசரா முடியுத வரைக்கும் ஒரு பெட்டிகூட கெடையாது அண்ணாச்சி, செட்டு பூரா வெளியூர்ல நிக்கி." கடைசியில் அம்பாசமுத்திரத்திலிருந்து ஆட்டோவில் கொண்டு வந்தோம். ஊரில் 2,000 ரூபாய்க்கு முடிந்திருக்க வேண்டியது 3,500 ஆனது.

8. பதாகை, தோரணம், கொடி

ஃப்ளெக்ஸ் வேண்டாம். பொது இடத்தில் வைக்க முன் அனுமதி வேண்டும், சாலையோரம் வைத்தால் அகற்றிவிடுவார்கள், வழக்கும் வரும். துணிப் பதாகை ஒன்று எழுதி வாங்கி மேடைக்குப் பின்னால் கட்டுங்கள். வருடம் போடாமல் எழுதச் சொன்னால் அடுத்த வருடமும் ஆகும். நாங்கள் "2025" என்று போட்டுவிட்டோம்.

நான் மேலே சொன்ன நாலாவது நிபந்தனை இதுதான்: எந்தச் சமுதாயத்தையும் குறிக்கும் கொடி, நிறம், சின்னம் கூடாது. பந்தல்காரர் தன்னிடம் மிச்சமிருந்த இரண்டு நிறக் காகிதத் தோரணத்தைக் காலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் மனதில் ஒன்றும் இல்லை, நாங்களும் கவனிக்கவில்லை. பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டையா வண்டியை நிறுத்தியதும் முதலில் மேலேதான் பார்த்தார். "இத அவுத்துருங்க, மாவிலை கட்டுங்க" என்றார். ஆறே முக்கால் மணிக்கு ஏணி தேடி ஓடினோம். தோரணம், ரிப்பன், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பேட்ஜ், கையில் கட்டும் கயிறு எல்லாவற்றிலும் இதைப் பாருங்கள். சாதி அடையாளமாகப் பார்க்கப்படும் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கயிறுகூட நம் மாவட்டத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரிந்ததே. வெள்ளை, மாவிலை, தென்னங்குருத்து இந்த மூன்றுக்குள் அலங்காரத்தை முடித்துக்கொண்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், பார்க்கவும் அழகாக இருக்கும்.

தேசியக் கொடி ஏற்றுவது இந்த நாளில் கட்டாயம் இல்லை. ஆனால் ஏற்றலாம், மரியாதையோடு எந்த நாளிலும் ஏற்றக் குடிமக்களுக்கு உரிமை உண்டு. காவி மேலே இருக்க வேண்டும், கிழியாத, கசங்காத கொடியாக இருக்க வேண்டும், அதன் மேல் எழுத்து எதுவும் கூடாது, மேசை விரிப்பாகப் பயன்படுத்தக் கூடாது. பிள்ளைகளுக்குக் காகிதக் கொடி கொடுத்தால் முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்குங்கள். தெருவில் கிடந்து மிதிபடக் கூடாது. இதற்கென்றே ஒரு ஆளைப் போடுங்கள்.

மாலைக்கு ஒரு யோசனை. ஆயுத பூஜை சமயத்தில் பூ விலையைக் கேட்கவே முடியாது. காந்தி படத்துக்குக் கதர் நூல் மாலை போடுங்கள். சர்வோதய சங்கக் கதர்க்கடையில் கேட்டால் கிடைக்கும், விலையும் குறைவு, பொருத்தமும் அதுதான். காமராசர் அஞ்சலிக்கு உதிரிப்பூ போதும்.

9. சாப்பாடும் பரிசும்

"பிள்ளைகளுக்கு பிரியாணி போட்டுரலாம்" என்று ஒருவர் முன்வந்தார். அன்று கறிக்கடை கிடையாது என்பதை அப்புறம்தான் யோசித்தோம். வெண்பொங்கல், சாம்பார், சுண்டல், கருப்பட்டிக் காப்பி என்று முடித்தோம். நெகிழித் தட்டு, டம்ளர், தண்ணீர்ப் பாக்கெட் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. உள்ளே நெகிழி பூசிய காகிதக் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. வாழை இலையும் எவர்சில்வர் டம்ளரும் வாடகைப் பாத்திரக் கடையில் நாற்காலியோடு சேர்த்தே கேளுங்கள்.

பரிசுக்குக் கேடயம் வாங்காதீர்கள். முதல் மூன்று பேருக்குப் பத்தமடையில் நெய்த சின்னப் பாயும், கலந்துகொண்ட எல்லோருக்கும் ஒரு புத்தகமும் கொடுத்தோம். முதல் பரிசு வாங்கிய பையன் அந்தப் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு விழா முடியும் வரை உட்கார்ந்திருந்தான்.

10. எங்களுக்கு ஆன செலவு

150 பேர் கணக்கில் ரூபாய் விவரம்: மைக் செட் 3,500. நாற்காலி 150க்கு, ஒன்றுக்கு 8 வீதம் 1,200. பந்தல் 2,500. துணிப் பதாகை 900. நோட்டீஸ் 500 பிரதி 1,100. மாலை, பூ 650. சாப்பாடு 4,500. பரிசுகள் 2,400. நகல், ஆட்டோ, பெட்ரோல் 600. மொத்தம் 17,350.

முன்கூட்டியே இறங்கியிருந்தால் மைக்கில் 1,500, பந்தல் 2,500 ஆக 4,000 ரூபாய் மிச்சப்பட்டிருக்கும். நன்கொடை வாங்கினால் சின்னத் தொகைக்கும் ரசீது கொடுங்கள். வரவு செலவை விழா முடிந்த வாரத்திலேயே எழுதி நூலகப் பலகையில் ஒட்டிவிடுங்கள். அடுத்த வருடம் கேட்கப் போகும்போது அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

11. அன்றும் மறுநாளும்

அனுமதிக் கடிதத்தின் அசல் ஒருவர் சட்டைப்பையிலும் நகல் மேடையிலும் இருக்கட்டும். முதலுதவிப் பெட்டி, இரண்டு குடம் தண்ணீர், ஊர்வலத்தின் முன்னும் பின்னும் விசிலோடு ஆள். பிள்ளைகளைப் பெற்றோரின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் ஊர்வலத்தில் சேர்க்காதீர்கள், பள்ளி விடுமுறை என்பதால் அந்தப் பொறுப்பு முழுக்க உங்களுடையது. பேச்சாளருக்குக் கால்மணி நேரம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பத்தாவது நிமிடத்தில் ஒரு சீட்டு அனுப்புங்கள். அனுமதியில் 10 மணி என்று இருந்தால் 9.50க்கு மைக்கை அணைத்துவிடுங்கள்.

மறுநாள் காலையில் களத்தைப் பெருக்கி உரிமையாளரிடம் காட்டிவிட்டு வாருங்கள். நாற்காலிகளை எண்ணிக் கொடுங்கள். எங்களுக்கு இரண்டு குறைந்தது, ஒன்று நூலகத் திண்ணையிலும் ஒன்று டீக்கடையிலும் கிடைத்தது. காவல் நிலையத்துக்கும் ஊராட்சிக்கும் ஒரு நன்றிக் கடிதம் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் கொடுக்கப் போனபோது அதே ரைட்டர்தான் இருந்தார். வாங்கிப் படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார். "அடுத்த வருசம் செப்டம்பர் பத்துக்கு முன்னால வந்துருங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் புதுக் காலண்டர் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த அன்றே செப்டம்பர் பக்கத்தைப் புரட்டி அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டேன்.